ஓங்கில்களை எண்ணிய கூழைக்கடா

அடர்ந்த காட்டின் நடுவே ஒரு பேராறு ஓடியது. அதில் ஓங்கில்கள் வாழ்ந்தன. டால்ஃபின் என்கிறோமே, அவைதான். அந்த ஆண்டு அறுந்துபோன மீன்வலைகள் நிறைய மிதந்துவந்து ஆற்று மடுக்களில் சிக்கிக் கிடந்தன. ஓங்கில்கள் மாட்டிச் சாகாமலிருக்க நீர்நாய்கள் அவற்றைக் கடித்து அப்புறப்படுத்தின.

“ஓங்கில்கள் குறைந்துவிட்டனவோ?” என்று நீர்நாய்த் தலைவி கயலி கவலைப்பட்டது. “யாராவது எண்ணிச் சொன்னால் நல்லது!”

“நான் இருக்கும்போது என்ன கவலை!” என்றது பெருவாயன். அது ஒரு கூழைக்கடா, பெரிய அலகுள்ள நீர்ப்பறவை. ஆனால் கணக்கில் தான் ஒரு புலி என்பது அதன் நினைப்பு.

பெரிய மடுவின் கரையில் ஒரு மருத மரம் நின்றது. பெருவாயன் அதில் போய் அமர்ந்தது. நீருக்கு மேல் ஒரு முதுகு தெரிந்தது. “ஒன்று!” முதுகு மூழ்கியது. சற்றுத் தள்ளி மறுபடி ஒரு முதுகு. “இரண்டு!” பொழுது சாய்வதற்குள் எண்ணிக்கை நூற்றைத் தாண்டிவிட்டது.

“நூற்றுக்கும் மேல்!” என்று ஊரைக் கூட்டியது பெருவாயன்.

நீர்நாய்கள் கூத்தாடின. “அப்படியானால் வலையைக் கடித்துப் பல்லைக் கெடுத்துக்கொள்வானேன்?” என்று மீன் பிடிக்கப் போய்விட்டன. பெருவாயனுக்குத் தலைகால் புரியவில்லை.

சில நாள் கழித்து, பெருவாயன் அமர்ந்திருந்த மரத்தடி நீரில் ஓர் ஓங்கில் பதறியபடி தலைநீட்டியது.

“ஐயோ, என் குட்டி வலையில் மாட்டிக்கொண்டது! மேலே வந்து மூச்சு விடாவிட்டால் செத்துப்போகும்!”

“உன் கூட்டத்தைக் கூப்பிடு! நூறு பேருக்கு மேல் இருக்கிறீர்களே!”

“நூறா? இந்த மடுவில் நானும் குட்டியும்தான்! நான் மூச்சு வாங்க வந்தபோதெல்லாம் கூவினாயே, என்னைத்தான் எண்ணினாயா?”

 அடுத்த நொடி பெருவாயன் சிறகடித்துப் பறந்தது.

“கயலி! ஓடி வா! என் கணக்குப் பொய்!”

நீர்நாய்கள் பாய்ந்து வந்து வலையைக் கடித்தன. பெருவாயன் தன் நீண்ட அலகால் வலையின் ஓரத்தை மேலே இழுத்தது. குட்டியின் உச்சந்தலை நீருக்கு வெளியே வந்தது. “புஸ்ஸ்!” மூச்சு வந்துவிட்டது!

மறுநாள் நீர்நாய்களும் பறவைகளும் கூடின. பெருவாயன் ஓடி ஒளியவில்லை. “ஒரே அம்மாவை நூறு ஓங்கில்கள் ஆக்கிவிட்டேன். நல்லவேளை, தண்ணீரில் என் நிழலை எண்ணவில்லை. ஆறு முழுக்கக் கூழைக்கடாவாக இருந்திருக்கும்!” என்றது. கயலிகூடச் சிரித்துவிட்டது.

மறுபடி எண்ணுவதற்காக, இந்தத் தடவை ஒவ்வொரு மடுவின் கரையிலும் ஒரு பறவை உட்கார்ந்தது. எல்லாம் ஒரே நேரத்தில் பார்த்தன. முதுகைக் கண்டதும் எண்ணாமல், அதிலுள்ள தழும்பையும் மச்சத்தையும் பார்த்து எண்ணின. ஆறு முழுவதும் சேர்த்தே ஓங்கில்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் இருந்தன.

இதைப் பெருவாயன் தணிந்த குரலில் சொன்னது. யாரும் கூத்தாடவில்லை. நீர்நாய்கள் எழுந்து வலைகளைக் கடிக்கப் போயின.

மனத்தைக் குளிரவைக்கும் தப்புக் கணக்கைவிட, மனத்தைச் சுடும் சரியான கணக்கே உயிரைக் காக்கும்.