உலகம்மாளின் பாத்திர மிஷின்

ஆவுடையப்பன் தபால் இலாகாவில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சும்மா இருக்கப் பிடிக்காமல், வீட்டு மிஷின்களைப் பழுது பார்க்கச் சொல்லிக்கொடுக்கும் செண்பகவல்லியிடம் சிஷ்யனாகச் சேர்ந்தார். குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சிஷ்யருக்கு அறுபத்தொன்று. இவர் அவளை 'டீச்சர்' என்பார், அவள் இவரை 'அண்ணாச்சி' என்பாள்.

ஐந்தாம் மாதம் இவர் வீட்டுப் பாத்திரம் கழுவும் மிஷினே படுத்துவிட்டது. இவர் மனைவி உலகம்மாளுக்குச் சோப்பு ஆகாது. பட்டால் விரலெல்லாம் வெடித்து ரத்தம் வரும். அதற்காகவே வாங்கிய மிஷின். இப்போது பொத்தானை அமுக்கினால் விளக்கு எரிந்தது, தண்ணீர் வரவில்லை.

விடுவாரா மனிதர்? ஐந்து மாசப் படிப்பு ஆயிற்றே! பின்பக்கத்தைக் கழற்றினார். குழாயை ஊதினார். திருப்பி மாட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், "குக்கர் மூடியைத் திணிச்சுத் திணிச்சு மோட்டாரையே காலி பண்ணிட்டியே!" என்று மனைவி மேல் பாய்ந்தார். அதுவும் சம்பந்தியம்மாள் வந்திருந்த நேரத்தில்.

உலகம்மாள் பாத்திரக் கூடையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். மூன்று நாளாகக் கொல்லைக் குழாயடியில் கையாலேயே கழுவினாள். விரல்கள் மறுபடி வெடித்துவிட்டன. அதைப் பார்க்கப் பார்க்க இவருக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கத்தை விட்டு டீச்சரைக் கூப்பிட்டார்.

வந்தவள் பையைத் திறக்கவே இல்லை. அடுப்படி முக்காலியில் உட்கார்ந்தாள்.

"மோட்டார் போயிருச்சு, டீச்சர்."

"அது இருக்கட்டும். என்னைக்கு நின்னுது?"

"வியாழக்கிழமை காலையில."

"புதன்கிழமை அதை என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலையே. ஆயுத பூஜைல்லா? தொடச்சுப் பொட்டு வச்சோம், அவ்வளவுதான்."

"யார் வச்சது?"

"நான்தான். மிக்ஸி, கிரைண்டர், தையல் மிஷின், எல்லாத்துக்கும் என் கையாலதான்." பெருமையாகத்தான் சொன்னார்.

"மிஷின் கதவை மூடுங்க."

மூடினார்.

"என்ன கேட்டுது?"

"ஒண்ணும் கேக்கலையே."

"முன்னால?"

ஆவுடையப்பன் யோசித்தார். "டிக்குன்னு ஒரு சத்தம் வரும்."

"தெறந்து மேல் விளிம்பைப் பாருங்க."

கதவின் கொக்கி வந்து விழுகிற குழி அங்கேதான் இருந்தது. பொட்டு வைக்கவே குழித்த மாதிரி இருக்கிறதே என்று, சந்தனத்தை அதில்தான் அப்பி மேலே குங்குமமும் வைத்திருந்தார். பூஜைப் பொட்டை யார் அழிப்பார்கள்? காய்ந்து கெட்டியாகிக் கிடந்தது. கொக்கி முழுசாக இறங்கவில்லை. கதவு திறந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மிஷின் சமர்த்தாகத் தண்ணீரை விடாமல் இருந்திருக்கிறது.

டீச்சர் ஒரு பல்குச்சியும் ஈரத்துணியும் கொடுத்தாள். ஆவுடையப்பன் நோண்டினார், துடைத்தார், கதவைச் சாத்தினார். டிக். பொத்தானை அமுக்கியதும் உள்ளே தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்பாடா!" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் முட்டியது. பிறகு கொல்லைப்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அவ கேட்டா உள்ள ஒயர் லூசா இருந்துச்சுன்னு சொல்லிருங்க."

டீச்சர் பல்குச்சியைக் குப்பைக்கூடையில் போட்டாள்.

சத்தம் கேட்டு உலகம்மாள் ஈரக்கையோடு ஓடி வந்தாள். "ஓடுதா! நல்லவேளை, தாயி. என்ன கோளாறு? நான் வச்ச குக்கர் மூடிதானே? மூணு நாளா அதே நெனப்புதான். இனிமே பெரிய பாத்திரத்தையெல்லாம் நான் கையாலயே கழுவிருதேன்."

ஆவுடையப்பன் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் மனைவியின் விரல்களைப் பார்த்தார்.

"உம் மேல தப்பே இல்ல, உலகு. நான் வச்ச சந்தனம். கதவு பூட்டுற குழியில அப்பிட்டேன்."

"என்னது, சந்தனமா?"

"சந்தனந்தான். சம்பந்தியம்மாவுக்கும் இப்பவே போன் போட்டுச் சொல்லிருதேன்."

உலகம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் அடக்க முடியாமல் சிரித்தாள். "பாவி மனுஷா, மூணு நாளா என் தொண்டையில சோறு எறங்கல! கொல்லையில இன்னும் பாதிப் பாத்திரம் கெடக்கு, போய்க் கழுவுங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே டீச்சருக்குக் காபி போடப் போனாள். ஆவுடையப்பனுக்கு மூன்று நாளில் அப்போதுதான் மூச்சே சரியாக வந்தது.

காபி குடித்துவிட்டு டீச்சர் கிளம்பினாள். வாசல்வரை கூடவே போன சிஷ்யருக்கு மனசு கேட்கவில்லை.

"டீச்சர், நான் வாயைத் தெறக்காமலே இருந்திருந்தா, நீங்க அவகிட்ட என்ன சொல்லியிருப்பீங்க?"

செண்பகவல்லி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"மிஷின் இன்னும் சரியாகலன்னு சொல்லியிருப்பேன், அண்ணாச்சி."