சுண்டுவின் குட்டை

கடலும் காடும் தொட்டுக்கொள்ளும் ஓர் அலையாத்திக் காட்டில் ஒரு குரங்கு வாழ்ந்து வந்தது. பாசக்காரக் குரங்குதான், குழந்தைகளே. ஆனால் அந்தப் பாசத்துக்குக் கண் பார்வை கொஞ்சம் மந்தம்.

ஒருநாள் கடல் உள்வாங்கி வற்றியபோது, பாறைகளுக்கு நடுவே இருந்த குட்டையில் ஒரு களவாய் மீன் குஞ்சு சிக்கிக்கொண்டது. குரங்கு தன் சுண்டுவிரலைத் தண்ணீருக்குள் விட்டு அளந்து பார்த்தது. விரலும் மீனும் ஒரே நீளம்!

"அடடா, இனி உன் பெயர் சுண்டு! நீ என் தம்பி!" என்று துள்ளிக் குதித்தது.

அந்தக் குட்டையையும் கடலையும் இணைத்தது ஒரே ஒரு பாறை இடுக்கு. கடல் ஏறும்போது அதன் வழியாகப் புதுத் தண்ணீர் வரும். தம்பி ஓடிவிடக் கூடாதே என்று குரங்கு அந்த இடுக்கில் ஒரு கல்லைச் செருகியது. தண்ணீர் கசிந்து வந்தது. மீனுக்குத்தான் வழியில்லை.

பக்கத்துப் பாறையில் ஒரு சங்கு நண்டு இருந்தது. காலிச் சங்கில் குடியிருக்கும் நண்டு அது. உடம்பு வளர வளர வேறு சங்கு தேடும். பத்துச் சங்கில் நுழைந்து பார்த்துப் பத்துக்கும் குறை சொல்லும்.

"குரங்காரே, புயலில் ஒரு களவாய் இங்கே கரை ஒதுங்கியது. அது உம் அளவு இருந்தது. இவனும் அப்படித்தான் வளர்வான். இந்தக் குட்டை போதாது" என்றது நண்டு.

"போம் நண்டாரே! உமக்கு எந்த வீடுதான் போதும்? குட்டை இருக்கிற அளவுக்குத்தான் மீன் வளரும். அதிலும் இவன் சுண்டு. பெயரிலேயே அளவு இருக்கிறதே!"

"பெயர் வளராது, குரங்காரே. உடம்பு வளரும்."

குரங்கு காதில் வாங்கவில்லை. இறால் பிடித்து ஊட்டுவதும் கொஞ்சுவதுமாக இருந்தது. சுண்டு வளர்ந்தான். முதலில் குட்டையைச் சுற்றிச் சுற்றி நீந்தினான். பிறகு வாலை மடித்துத்தான் திரும்ப முடிந்தது. பாறையில் உரசி உரசி உடம்பெல்லாம் புண்.

"அண்ணா, முதுகு வலிக்கிறது. கல்லை எடுத்துவிடுகிறாயா? நான் கடலுக்குப் போகிறேன்" என்றான் சுண்டு.

குரங்கு அவன் தலையைத் தடவியது. "அங்கே சுறா இருக்கும், கண்ணா. உனக்கு யார் ஊட்டுவார்கள்? அடுத்த பௌர்ணமிக்குப் பார்ப்போம்."

சுண்டுவுக்கும் அண்ணன்மேல் பிரியம். அதனால் மறுபடி கேட்கவில்லை. அவன் கேட்டிருக்கலாம் என்று எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

நண்டுதான் கத்தியது: "இன்றே திறந்துவிடும்! இப்போதென்றால் அவன் இடுக்கில் நுழைந்துவிடுவான்!"

குரங்கு சிரித்தது. கல்லின் ஓரமாகத் தன் சுண்டுவிரலை இடுக்கில் விட்டு ஆட்டிக் காட்டியது. "என் சுண்டுவிரலே போகிறது. என் சுண்டு போகமாட்டானா?"

பௌர்ணமி வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. குட்டைத் தண்ணீர் சுட்டது, நாறியது. சுண்டு இறாலைத் தொடவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினான். அப்போதுதான் குரங்கு பயந்தது. பௌர்ணமியன்று நடுப்பகலில் கடல் ஏறியதும், ஓடிப்போய்க் கல்லைப் பிடுங்கி எறிந்தது.

"போ, சுண்டு! போய்விடு, கண்ணா!"

குளிர்ந்த கடல்நீர் முகத்தில் பட்டதும் சுண்டுவுக்கு உயிர் வந்தது. ஒரே பாய்ச்சலாக இடுக்கில் பாய்ந்தான். தலை நுழைந்தது. உடம்பு நுழையவில்லை.

குரங்கு பின்னாலிருந்து தள்ளியது. பாறையைப் பிடித்து இழுத்தது, நகத்தால் பிறாண்டியது. பாறை அசையவில்லை. சுண்டுவால் முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் வர முடியவில்லை. கடல் இறங்கத் தொடங்கியது.

"அண்ணா, நான்தான் ரொம்ப வளர்ந்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே" என்றான் சுண்டு.

"இல்லைடா கண்ணா, இல்லைடா!" என்று குரங்கு அழுதது. கைகளால் தண்ணீரை அள்ளி அள்ளி அவன்மேல் ஊற்றியது. ஆனாலும் கடல் முழுதாக வற்றும் முன்பே, கடலைப் பார்த்தபடி சுண்டு இறந்துபோனான்.

நண்டு சங்குக்குள் தலையை இழுத்துக்கொண்டது.

குரங்கு சுண்டுவின் பக்கத்தில் படுத்தது. அதன் தலைக்கு நேராக அவன் தலை இருந்தது. காலுக்கு நேராக அவன் வால் இருந்தது. அன்றைக்குத்தான் அது தன் தம்பியைச் சரியாக அளந்தது.

நீதி: வளரும் உயிருக்கு, அது இன்றிருக்கும் அளவில் இடம் பார்க்காதே, நாளை ஆகப்போகும் அளவில் பார்.