அரண்மனை முழுக்கப் பரவிய பட்டறைப் புகை

உக்கிரசேன மகாராஜாவுக்குத் தங்கப் பைத்தியம் பிடித்துவிட்டது. சாதாரணப் பைத்தியம் இல்லை. கோபுரக் கலசத்துக்கு முலாம் பூசினார், சரி. யானை அம்பாரிக்குப் பூசினார், அதுவும் சரி. மகள் கல்யாணத்துக்கு வரும் சம்பந்தி வீட்டார் வாய் பிளக்க வேண்டும் என்று, வெற்றிலை துப்புகிற படிக்கத்துக்கும் தங்க முலாம் பூசச் சொல்லிவிட்டார்!

முலாம் பூசுவது லேசான காரியமா? தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து, செம்பின் மேல் தடவி, நெருப்பில் காட்ட வேண்டும். தங்கம் ஒட்டிக்கொள்ளும். பாதரசம் புகையாகப் போய்விடும். எங்கே போகும்? ஊதுகிறவன் மூக்குக்குள்தான்.

அரண்மனைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு கொட்டகை. அதில்தான் முலாம் பட்டறை. அங்கே வேலை செய்த மாசிலாமணியின் பெண்டாட்டி சிட்டாயி, ஒருநாள் காவலாளிகளைத் தள்ளிக்கொண்டு சபைக்குள் வந்து நின்றாள்.

"சாமி, எம் புருசனுக்குக் கை நடுங்குது. சோத்தை அள்ளினா வாய்க்குப் போகாம காதுக்குப் போகுது. பல்லெல்லாம் ஆடுது. பட்டறையில எல்லாருக்கும் இதே கதிதான். ஒரு மனுசன் எவ்வளவு புகையைத்தான் குடிப்பான்? அதுக்கு ஒரு அளவு வச்சுக் குடுங்க."

ராஜா பக்கத்தில் திரும்பினார். அங்கே உட்கார்ந்திருந்தவர் கட்டடங்களுக்கும் பட்டறைகளுக்கும் அதிகாரியான நாகமையர். கல்யாணத்துக்குள் முலாம் வேலை முடிந்தால் அவருக்கு ஒரு பல்லக்கு கிடைப்பதாக ஏற்பாடு.

"அளவுதானே?" என்றார் நாகமையர். "போட்டுவிட்டேன், மகாராஜா. பட்டறைப் புகையை அரண்மனைக் காற்று முழுவதிலும் பரப்பிக் கணக்குப் பார்த்தேன். ஒரு மூக்குக்கு ஒரு கடுகளவுகூட வரவில்லை. அது யாரையும் ஒன்றும் செய்யாது."

"எம் புருசன் அரமனை முழுக்கவா உக்காந்திருக்கான்? கொட்டகையிலதானே இருக்கான்!" என்றாள் சிட்டாயி.

"கணக்குத் தெரியாதவர்களோடு நான் பேசுவதில்லை," என்றார் நாகமையர்.

சபையில் விகடம் சொல்லிப் பிழைக்கும் வடுகநாதன் ஓர் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். எதைக் கண்டாலும் சிரிக்கிறவன். அன்று அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தான். நாகமையர் முகத்தையும் பார்த்தான். பிறகு குழைந்து குழைந்து முன்னே வந்து கும்பிட்டான்.

"மகாராஜா, ஐயாவின் கணக்கு அற்புதம்! அதையே கட்டளையாகப் போட்டுவிடுங்கள். பட்டறைப் புகை அரண்மனை முழுக்கப் பரவ வேண்டும் என்று."

"பரவட்டும்! நமக்கென்ன?" என்றார் ராஜா. அவர் நினைப்பெல்லாம் படிக்கத்தில் இருந்தது.

"நிறைவேற்றும் பொறுப்பை எனக்குத் தருவீர்களா?"

"எடுத்துக்கொள்."

சிட்டாயி அவனைப் பார்த்த பார்வையில் பச்சை மரமே பற்றியிருக்கும். வடுகநாதன் தலையைக் குனிந்துகொண்டு நேராகப் பட்டறைக்குப் போனான். பாதரசக் குடுவைகளை மூடி வைத்தான். எல்லாரையும் வெளியே மர நிழலில் உட்கார வைத்து மோர் வாங்கிக் கொடுத்தான். பிறகு குயவர்களை அழைத்து, கொட்டகையிலிருந்து சபா மண்டபம் வரை மண்குழாய் பதிக்கச் சொன்னான்.

குழாய் பதித்து முடிந்ததும், சபை கூடியிருந்த நேரம் பார்த்து, உலையில் இரண்டு கை காய்ந்த மிளகாயை அள்ளிப் போட்டான். துருத்தியை மிதிக்கச் சொல்லிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல் சபைக்கு வந்து நின்றான்.

முதலில் தும்மியவர் சேனாதிபதி. அடுத்து புரோகிதர், மந்திரத்தின் நடுவிலேயே தும்மினார். சாமரம் வீசுகிறவள் சாமரத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். ராஜா கண்ணைக் கசக்கிக்கொண்டு சிங்காசனத்திலிருந்து இறங்கி, தூணைக் கட்டிக்கொண்டு இருமினார்.

"என்னடா இது?"

"பட்டறைப் புகை, மகாராஜா. கட்டளைப்படி பரப்பியிருக்கிறேன். ஒரு மூக்குக்குக் கடுகளவுதான் வரும். கவலைப்படாதீர்கள்."

நாகமையருக்கு மூக்கிலும் கண்ணிலும் ஒரே நேரத்தில் ஒழுகியது. "மடையா! நான் பரப்பச் சொன்னது கணக்கில்! காற்றில் இல்லை!" என்று கத்தினார்.

"அடடா, அப்படியா? அப்படியென்றால் நீங்களும் கணக்கிலேயே இருமியிருக்கலாமே, ஐயா. எதற்காக நிஜமாக இருமுகிறீர்கள்?"

இருமலுக்கு நடுவிலும் ராஜாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டார். எல்லாரும் தோட்டத்துக்கு ஓடி மூச்சு வாங்கியபின், வடுகநாதன் அவர் காலில் விழுந்தான்.

"மன்னியுங்கள், மகாராஜா. உலையில் இருந்தது வெறும் மிளகாய். பாதரசத்தை உங்கள் பக்கம் அனுப்ப எனக்கு மனம் வருமா? மிளகாய் நல்லவன். வரும்போதே கத்திக்கொண்டு வருவான், நாமும் ஓடித் தப்பிப்போம். பாதரசம் சத்தமில்லாமல் வருவான். வாசனையும் கிடையாது. கை நடுங்கும்போதுதான் அவன் வந்ததே தெரியும். அதனால்தான் அந்தப் பெண் அளவு கேட்டாள். அளவை உலைக்குப் பக்கத்தில், ஊதுகிறவன் மூக்கில் அல்லவா எடுக்க வேண்டும்?"

ராஜாவின் சிரிப்பு நின்றது. சிட்டாயியை அழைத்துவரச் சொன்னார். அவளும் பட்டறைக்காரர்களும் கேட்டுக்கொண்டிருக்கவே கட்டளை பிறந்தது. கொட்டகையின் சுவரை இடித்துத் திறந்துவிட வேண்டும். புகை உயரமான போக்கி வழியாக மேலே போக வேண்டும். ஒருவனே நாளெல்லாம் உலை முன் உட்காரக் கூடாது, முறை மாற்றிக்கொள்ள வேண்டும். ஈறு வீங்கினாலோ கை நடுங்கினாலோ அன்றே அவனை வேறு வேலைக்கு மாற்ற வேண்டும், கூலி குறையக் கூடாது. படிக்கம் செம்பாகவே இருக்கட்டும். நாகமையர் இனி உலைக்கு எதிரில் உட்கார்ந்துதான் கணக்குப் போட வேண்டும்.

"எம் புருசன் கை சரியாகுமா, சாமி?" என்று கேட்டாள் சிட்டாயி.

"வைத்தியரை அனுப்புகிறேன், அம்மா," என்றார் ராஜா.

அவள் போனபின் வடுகநாதனிடம் திரும்பினார். "உனக்கு என்னடா தரட்டும்? தங்க முலாம் பூசிய கடகம் ஒன்று தரட்டுமா?"

வடுகநாதன் இரண்டு கையையும் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

"ஐயோ, முலாம் வேண்டாம், மகாராஜா! முழுத் தங்கத்திலேயே செய்து கொடுத்துவிடுங்கள். யாருக்கும் ஒரு கெடுதலும் வராது!"

ராஜா சிரித்த சிரிப்பில் தோட்டத்து மயில்கள் பறந்துபோயின. கடகம் முழுத் தங்கமாகவே வந்து சேர்ந்தது.