கயிற்றில் சுருண்ட மைதானம்

மணற்கரை வட்டாரக் கைப்பந்துச் சங்கத்தில் அன்று மாலை ஐந்து மணியோடு அணிகளுக்கான பெயர்ப்பதிவு முடிவதாக இருந்தது. மீனவக் குப்பத்துப் பெண்கள் அணியின் விண்ணப்பத்தைத் தலைவர் வயிரவநாதன் படிக்காமலே தள்ளிவிட்டார்.

“சொந்த மைதானம் இல்லாத அணிக்கு இடமில்லம்மா. அஞ்சு மணிக்குள்ள உங்க மைதானத்தை இங்க கொண்டாந்து காட்டு, கையெழுத்துப் போடுறேன்!”

அறையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அணித்தலைவி சகாயராணி பணிவாகக் கேட்டாள்: “காட்டினா கண்டிப்பா போடுவீங்களா சார்?”

“இத்தனை பேர் சாட்சி!”

அவள் பையிலிருந்து ஒரு நீண்ட கயிற்றை எடுத்தாள். மணலில் போடும் கோட்டை அலை அழித்துவிடுவதால், பதினெட்டு மீட்டர் நீளமும் ஒன்பது மீட்டர் அகலமும் அளந்து, நான்கு மூலைக்கும் முடிச்சிட்ட கயிறு அது. நாள்தோறும் அதை விரித்து ஆடி, சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

வெளியே சங்கத்து மைதானத்தில் அணியின் நான்கு பெண்கள் முடிச்சுகளைப் பிடித்து நின்றனர். கயிற்றுக் கட்டத்தின் ஒரு பக்கம் மைதானத்தின் எல்லைக்கோட்டோடு பொருந்தியது. எதிர்ப்பக்கமோ, தலைவர் தாம் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கக் கட்டிய புது மேடையின்மேல் ஏறியது.

“எங்க மைதானம் வந்துடுச்சு சார். உங்க மைதானத்துலதான் ரெண்டு மீட்டரை மேடை முழுங்கிடுச்சு!”

இப்போது சிரிப்பு திசை மாறியது. வயிரவநாதன் தலை நிமிராமல் கையெழுத்திட்டார். பெண்களின் ஆரவாரம் தெருமுனைவரை கேட்டது.

அன்பர்களே, பிறரை அளக்கப் புறப்படும்முன் நம் இருக்கையை ஒருமுறை அளந்துகொள்வோம்.