சங்க டிஸ்பென்சரி ஊசி

ஆசிரியைக்கு ஐம்பத்தொரு வயது. சீடருக்கு அறுபத்தொன்பது.

ஆசிரியை ருக்கையா, மாவட்ட மருத்துவமனையில் கல்லீரல் மருத்துவர். சீடர் சிங்காரவேலு, தோல் தொழிற்சாலைத் தொழிலாளர் சங்கம் நடத்திய டிஸ்பென்சரியில் பதினெட்டு வருடம் காம்பவுண்டராக இருந்தவர். அவருடைய மனைவி அஞ்சலை ஈரல் சுருங்கி, ரத்தமாக வாந்தியெடுத்து இறந்து பதினான்கு வருடம் ஆகிறது. இன்ன காரணம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. குடிக்காத பெண்ணுக்கு ஈரல் எப்படிக் கெட்டது என்று மட்டும் கேட்டார்கள், குடித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டே.

அந்தக் கேள்வியோடுதான் அவர் ருக்கையாவிடம் வந்தார்.

"எனக்குச் சொல்லிக் குடுங்க டாக்டரம்மா. பதிலுக்கு உங்க செவ்வாய்க்கிழமை நோயாளிக் கூட்டத்த நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். சீட்டுக் கொடுத்தார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார், முண்டியடித்தவர்களை நிறுத்தினார். ஆலை வாசலில் பேசிப் பழகிய குரல். கூட்டம் முடிந்ததும் ருக்கையா அரை மணி நேரம் பாடம் சொல்லுவார்.

ஈரல் கெடுவது வெளியே தெரியாது, இருபது முப்பது வருடம் சத்தமில்லாமல் கெடும் என்பது முதல் பாடம். விலா இடுக்கில் கருவியை வைத்து லேசாகத் தட்டினால் ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று எண்ணாக வந்துவிடும், முன்போல ஊசி விட்டுச் சதையைக் கிள்ளி எடுக்க வேண்டியதில்லை என்பது இரண்டாவது. ஹெபடைடிஸ் சி என்ற கிருமியைப் பற்றியது மூன்றாவது. அதற்கு முன்பெல்லாம் ஒரு வருடம் வரை ஊசி, காய்ச்சல், முடி உதிர்தல். அதற்குப் பிறகும் பாதிப் பேருக்குத்தான் குணம். இப்போது பன்னிரண்டு வாரம் மாத்திரை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் குணமாகிறார்கள்.

நான்காவது பாடம், அந்தக் கிருமி ரத்தத்தின் வழியாகப் பரவுகிறது என்பது.

அதற்குப் பிறகு இரண்டு செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. மூன்றாவது வாரம், கூட்டம் கலைந்த பிறகு வந்து நின்றார்.

"உக்காருங்கய்யா."

"நிக்கறேன். ஒரு கேள்வி. கண்ணாடி சிரிஞ்சக் காலையில ஒரு தரம் கொதிக்க வெச்சு, அப்புறம் ஆளுக்கு ஆள் ஸ்பிரிட்டுல தொடச்சுப் போட்டா?"

"எத்தன பேருக்கு?"

"ஒரு நாளைக்கு நாப்பது. வைட்டமின் ஊசி. செவப்பு ஊசின்னு சொல்லுவாங்க."

ருக்கையா பேனாவை மூடி வைத்தார்.

தோல் தொழிற்சாலை ஊரில் அப்போது அரசு ஆஸ்பத்திரி இருந்தது, டாக்டர் இல்லை. டாக்டர் வேண்டும் என்று முதலாளிகளிடம் கேட்டுத் தொழிலாளர்கள் அறுபத்திரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. சங்கமே ஓடு போட்ட ஓர் அறையில் டிஸ்பென்சரி திறந்தது. தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் நின்று கால் வெந்தவர்கள் அங்கே வந்தார்கள். மாத்திரை கொடுத்தால் முகம் சுளித்தார்கள். எங்களுக்கு மட்டும் ஏன் ஊசி இல்லை என்றார்கள். முதலாளி வீட்டுக்கு டாக்டர் கார் வைத்து வந்து ஊசி போடுகிறாரே என்றார்கள். ஊசி எல்லோருக்கும் என்று சங்கம் தீர்மானம் போட்டது.

"இன்னொரு தீர்மானமும் போட்டோம். நான் எழுதினது" என்றார் சிங்காரவேலு. "கமிட்டிக்காரங்க வீட்டு ஆளுங்க வரிசையில கடைசியிலதான் நிக்கணும். எங்கள ஒருத்தன் கை நீட்டிப் பேசக் கூடாது பாருங்க."

"அஞ்சலையம்மா?"

"ஒரு நாளும் முன்னால வந்ததில்ல. பெருமையா நிப்பா. முப்பத்தொம்பது பேருக்குப் போட்டதும் அவ கையப் பிடிப்பேன்."

அவர் மேசை மேலிருந்த மாத்திரை டப்பாவைத் திருப்பிப் பார்த்தார்.

"இந்த மாத்திர அப்பவே வந்திருந்தா டாக்டரம்மா?"

"பொழச்சிருப்பாங்க."

"ஒரு பேச்சுக்காவது இல்லன்னு சொல்லக் கூடாதா?"

"இத்தன நாள் பாடம் கேட்டவர்கிட்ட என்னத்தச் சொல்றது?"

அவர் தலையை ஆட்டினார். பிறகு சொன்னார்: "எங்க கோட்டர்ஸ்ல பவுனம்மாள்னு ஒருத்தி, அவளுக்குக் கால் வீங்குது. அப்பல்லாம் செவப்பு ஊசிய ஒரு நாளும் விடமாட்டா. கண்ணு மஞ்சளா இருக்கு. வா, இலவசமா டெஸ்டு எடுக்கறாங்கன்னு கூப்பிட்டேன். 'எனக்கு என்ன கேடு காம்பவுண்டரே? உனக்குத்தான் வேல இல்ல, ஆஸ்பத்திரிய சுத்திக்கிட்டு இருக்கற'ன்னு சிரிக்கறா. அந்தத் தொழிலாளர் கோட்டர்ஸ்ல, ஊசி போட்டுக்கிட்டவங்க முந்நூறு பேர் இருக்காங்க. நோட்டீஸ் அடிச்சு வீடு வீடாக் குடுத்தேன். அதுல வட மடிச்சுத் தின்னுட்டாங்க."

"நோட்டீஸ்ல ஊசியப் பத்தி எழுதினீங்களா?"

அவர் பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து வைத்தார்; இலவச டெஸ்டு என்று மட்டும் இருந்தது.

"கையக் குடுங்க" என்றார் ருக்கையா.

விரல் நுனியில் குத்தினார். ஒரு சொட்டு ரத்தத்தைச் சோதனைப் பட்டையில் விட்டு, மேசை நடுவில் வைத்தார். ஒரு கோடு வந்தால் கிருமி இல்லை. இரண்டு கோடு வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். அது சிங்காரவேலுவுக்குத் தெரியும். எத்தனையோ பேருக்கு அவரே அதை விளக்கியிருக்கிறார். இரண்டாவது கோடு வந்துவிடக் கூடாதே என்று அவர்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

அவர் மூடவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். தண்டவாளத்தில் வண்டி தெரிகிறதா என்று எட்டிப் பார்ப்பவரைப் போல.

இருபது நிமிடம் ஆனது. ஒரு கோடுதான்.

"இன்னொரு தரம் பாருங்க."

ருக்கையா மறு பேச்சுப் பேசாமல் இன்னொரு விரலில் குத்தினார். இன்னொரு இருபது நிமிடம். துடைப்பக்காரம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"இல்லைங்கய்யா. உங்களுக்கு இல்ல."

சிங்காரவேலு அப்போதுதான் உட்கார்ந்தார்.

"எனக்கு யாரு ஊசி போடறது? நான்தான காம்பவுண்டர்" என்றார். குத்திய விரலைத் துடைத்தபடி, "அவளுக்கு இருந்தது எனக்கும் இருக்கும்னு நெனச்சேன். அது ஒண்ணாவது மிஞ்சியிருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

ருக்கையா பட்டைகளை எடுத்துக் கழிவு டப்பாவில் போட்டார்.

"இருந்திருந்தா பவுனம்மா வாசல்ல போய் நின்னுருப்பேன். எனக்கும் இருக்கு, வா போலாம்னு கையப் பிடிச்சுக் கூட்டியாந்திருப்பேன்."

"பவுனம்மா வந்திருப்பாங்க. மத்தவங்க?"

"நாலஞ்சு பேர் வந்திருப்பாங்க."

"சீக்காளியா போய்க் கூப்பிட்டா நாலஞ்சு பேர். ஊசி போட்டவரா போய்க் கூப்பிட்டா?"

"அடிக்க வருவாங்க டாக்டரம்மா."

"எத்தன பேர்?"

"கோட்டர்ஸே திரண்டு வரும்."

"இங்கயே வரட்டும்" என்றார் ருக்கையா. "வந்தவங்களுக்கெல்லாம் ரத்தம் எடுத்துடலாம்."