அன்னத்திடம் பெண் கேட்டவர்கள்

பெட்ரினா என்றொரு தீவு இருந்தது. சுற்றிலும் கடல் என்பதால் அங்கே இருந்த அறிவு வெளியே போகவில்லை. வெளியே இருந்த அறிவும் உள்ளே வரவில்லை. அந்தத் தீவின் ராஜா மெலாண்டருக்குக் கல்யாண ஆசை வந்தது. ஸ்பார்ட்டா தேசத்து இளவரசி ஹெலன்தான் வேண்டுமாம். அவளைப் பார்த்தவர்கள் சாப்பிட மறந்துபோவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு.

ராஜா தன் வேலைக்காரர்களான கோரிலஸ், பிட்டோ, நௌசன் மூவரையும் கூப்பிட்டார். பழமும் பார்லியும் நிறைந்த தட்டு ஒன்றை மூத்தவனான கோரிலஸ் கையில் கொடுத்தார்.

"பெண்ணைப் பெற்ற அப்பாவிடம் மட்டும் கொடுங்கள். அவர் ஏற்றுக்கொண்டால் சம்மதம். பெண்ணோடு வாருங்கள். இல்லையென்றால் இந்தத் தீவில் காலே வைக்கக் கூடாது."

கோரிலஸுக்குத் தன் வீட்டு நினைவு வந்தது. அப்போதுதான் புதுவீடு கட்டிக் கூரை போட்டிருந்தான். இன்னும் உள்ளே படுத்துக்கூடப் பார்க்கவில்லை.

ஸ்பார்ட்டாவில் ராஜா திண்டாரியூஸே வாசலுக்கு வந்து வரவேற்றார். பெண் கேட்டு வந்த ராஜாக்கள் அடித்த கூத்தில் அவருக்குத் தூக்கம் போயிருந்தது. மரியாதையாக வந்து கேட்கிற முதல் ஆளுக்குக் கொடுத்துவிடுவது என்று இருந்தார். தட்டை வாங்கக் கையை நீட்டியும் விட்டார்.

கோரிலஸ் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "ஹெலனைப் பெற்ற அப்பா நீங்கள்தானே?"

திண்டாரியூஸ் பொய் சொல்லத் தெரியாதவர். சீயஸ் என்ற பெரிய கடவுள் அன்னப்பறவையாகத் தன் மனைவி லீடாவிடம் வந்ததையும், லீடா முட்டையிட்டதையும், அதிலிருந்து ஹெலனும் அவள் அண்ணன் பொல்லக்ஸும் வெளியே வந்ததையும் சொன்னார். அதே பிரசவத்தில் பிறந்த காஸ்டரும் கிளைட்டம்னெஸ்ட்ராவும் மட்டுமே தன் பிள்ளைகளாம். "ஆனால் நால்வரையும் வளர்த்தது நான்தான்," என்றார், நீட்டிய கையை மடக்காமல்.

மூவரும் தூணோரம் ஒதுங்கி யோசித்தார்கள்.

"பாவம், நல்ல மனுஷன். கொடுத்துடலாம் அண்ணே," என்றான் பிட்டோ.

"தான் பெத்தவர் இல்லேன்னு அவரே சொல்றாரு. கொடுத்தா என் வீடு போச்சு," என்றான் கோரிலஸ்.

"அப்போ அன்னத்தைத்தான் பார்க்கணும்," என்றான் நௌசன்.

திண்டாரியூஸின் கை நீட்டியபடியே இருக்க, மூவரும் ஆற்றங்கரைக்குப் போனார்கள். ஆறு முழுக்க அன்னங்கள். "சம்பந்தி!" என்று கோரிலஸ் குரல் கொடுத்ததும் தட்டிலிருந்த பார்லியைப் பார்த்து எல்லாம் நீந்தி வந்தன. நாணல் புதரில் உட்கார்ந்திருந்த ஒன்று மட்டும் அசையவில்லை.

"அவர்தான்," என்றான் நௌசன். "கூப்பிட்டதும் ஓடி வர்றவர் கடவுளா இருக்க முடியுமா?"

கோரிலஸ் அதன் முன் குனிந்து தட்டை வைத்தான். அது பார்லியைத் தின்றது. தட்டை ஏற்றாயிற்று. இன்னும் தின்பதற்காக அது எழுந்தபோது அடியில் மூன்று முட்டைகள் தெரிந்தன. பெண்ணையும் உடனே காட்டிவிட்டாரே என்று மூவருக்கும் மனம் நெகிழ்ந்தது. முட்டைகளை எடுத்ததும் அன்னம் கோரிலஸின் கையைப் பிடுங்குகிற மாதிரிக் கடித்தது.

"பொண்ணைப் பிரியுற துக்கம்," என்று பிட்டோ கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

முட்டைகளைக் கம்பளியில் சுற்றித் தீவுக்குக் கொண்டுவந்து அரியணைக்கு முன் வைத்தார்கள். கோரிலஸ் கைகட்டி நின்று நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். இதில் ஒன்று பெண், மற்ற இரண்டும் கூட வந்த அண்ணன்மார், எது யார் என்று மட்டும் தெரியவில்லை என்றும் மறைக்காமல் சொன்னான்.

ராஜா மெலாண்டர் இறங்கி வந்தார். முட்டைகளின் பக்கத்தில் மண்டியிட்டு, "ஹெலன்," என்று மெதுவாகக் கூப்பிட்டார். எந்த முட்டையும் அசையவில்லை. இன்னும் மெதுவாகக் கூப்பிட்டார். அப்போதும் இல்லை.

ராஜா எழுந்து கோரிலஸின் தோளைத் தட்டினார். "வீட்டுக்குப் போய் நிம்மதியாகப் படு. நல்ல இடம்தான். அண்ணன்மார் எதிரில் வாயே திறக்கமாட்டேன் என்கிறாள், பார்."