நேற்றைவிட நீதிமான்

முன்னொரு காலத்தில் கிழக்குக் கடலோரத்தில் ஒரு சின்னச் சீமையை மாறகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நினைத்ததை நினைத்த நேரத்தில் செய்கிறவன். தன் புதுப் படகு கடலில் இறங்குகிற வேளையில் தும்மிவிட்டான் என்று, முத்துக்குளிக்கும் தொம்மையைப் பாதாளச் சிறையில் போட்டுவிட்டான்.

தொம்மையின் அண்ணன் கஸ்பார் பாதிரிமாரிடம் லத்தீன் படித்தவன். கப்பல்காரர்களின் கடிதங்களைப் பார்த்து ராஜாவுக்கு அந்தப் பாஷைமேல் ஆசை வந்ததும் கஸ்பார் போய் நின்றான். கற்றுத் தருகிறேன், தம்பியை விட்டுவிட வேண்டும் என்றான். பார்க்கலாம் என்றான் ராஜா.

ஒன்பதாம் நாள், ஒப்பிட்டுச் சொல்லும் பாடம். உயரமானவன் 'அல்துஸ்'. கடைசி 'உஸ்'ஸை எடுத்துவிட்டு 'இயோர்' போட்டால் 'அல்தியோர்', இன்னும் உயரமானவன். யாரைவிட என்பதற்கு, அவர் பெயருக்கு முன்னால் 'க்வாம்'. ஜன்னலுக்கு வெளியே பட்டத்து யானை நின்றது. பாடத்தின் சுவாரஸ்யத்தில், யானை ராஜாவைவிட உயரம் என்று லத்தீனில் சொல்லி, தமிழிலும் சொல்லிவிட்டான் கஸ்பார்.

பாடம் நடந்தது சபையில். அங்கே ராஜாவை எதனோடும் வைத்து அளக்கக் கூடாது. கூட என்றாலும் குறைய என்றாலும் நாக்கு போகும். ஒன்பது நாளாகத் தன் ஆசனத்தில் கஸ்பார் உட்கார்ந்திருந்த எரிச்சல் ஆஸ்தானப் புலவர் கீர்த்திவாசருக்கு.

"மகாராஜா, வாத்தியார் தங்களை யானைக் கொட்டடியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்" என்றார்.

ராஜா சிரிக்கவில்லை. அதே பாடத்தில் தன்னை வைத்து ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னான். வாக்கியத்தில் ஒப்பிடத் தன் பக்கத்தில் வேறெவரும் இருக்கக் கூடாது, பொய்யும் கூடாது. தவறினால் நாக்கு.

நாக்கு போனால் தம்பிக்காகக் கேட்க ஆளில்லை. கஸ்பார் வாக்கியத்தை மனதுக்குள் ஒருமுறை கூட்டிப் பார்த்தான். பிறகு, "ரெக்ஸ் ஹோதியே யூஸ்தியோர் எஸ்த் க்வாம் ஹேரி" என்றான்.

"அர்த்தம்?"

"ராஜா நேற்றைவிட இன்று நீதிமான். மகாராஜாவின் பக்கத்தில் மகாராஜாவே நிற்கிறார். மெய்யா பொய்யா என்பது சாயங்காலத்துக்குள் தங்கள் கையில்."

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தான். கஸ்பாருக்குப் பட்டுச் சால்வை போர்த்தினான். ஏட்டுக்கட்டைச் சுமந்துகொண்டு அவன் பின்னால் நடக்கும்படி புலவருக்கு உத்தரவானது. கஸ்பார் தம்பியை விடும்படி கேட்டான்.

"இன்றே விட்டுவிட்டால், நாளைக்கு எதைச் செய்து இன்னும் நீதிமானாவேன்?" என்றான் ராஜா.

அன்று தொம்மையை ஜன்னல் உள்ள அறைக்கு மாற்றினார்கள். மறுநாள் ஒரு கால் விலங்கைக் கழற்றினார்கள். அடுத்த நாள் கஞ்சியோடு மோர். கஸ்பார் தினமும் வாக்கியத்தைச் சொன்னான், தினமும் அது மெய்யாக இருந்தது. மாதம் முடிவதற்குள், கொடுப்பதற்கு விடுதலை ஒன்றுதான் மிச்சம். ராஜா யோசித்துவிட்டு தொம்மையின் அறை ஜன்னலை அடைக்கச் சொன்னான். மறுநாள் காலையில் திறக்கச் சொல்லிவிட்டு வாத்தியாரைக் கூப்பிட்டான். நேற்றைவிட இன்று என்பது அன்றும் மெய்தான்; கஸ்பார் பிழையில்லாமல் சொன்னான்.

மாலையில் சிறைக்குப் போனபோது தொம்மை வெளிச்சம் கூசி கண்களைக் கையால் மூடிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, நாளைக்குப் பாடம் எடுக்காதே" என்றான். "ஒரேயடியாக இருட்டென்றால் பழகிக்கொள்வேன்."